முன்னிலையில் யாமும் உள்ளோமோ?

கதை கேட்கும் வேட்கை மனிதனோடு பிறந்தது. பாட்டி சொன்ன கதை, கூத்தர் ஆடிய கதை, புலவர் பாடிய கதை எனப் பலவும் கடந்து, இன்று நம் மக்கள் பெரும்பாலும் திரையில்தான் கதை காண்கின்றனர். நம் துறை மாணவரும் சிலப்பதிகாரத்தை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரைப்படத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவர். அதனை யாம் குறையாகக் கொள்வதில்லை. ஆயின், ஏட்டிலுள்ள கதையை ஆராயும் கண்ணோடு திரையிலுள்ள கதையையும் ஆராய வேண்டும் என்பது எம் கருத்து. அக்கருத்து எமக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதை இம்மலரின் வழியே மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எம் ஊர் கள்ளக்குறிச்சி. 2019ஆம் ஆண்டில் மாவட்டத் தலைநகராகிய அவ்வூர், யாம் பிறந்தபோது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். 'குறிச்சி' என்பது குறிஞ்சி நிலத்துச் சிற்றூரைக் குறிக்கும் சொல் என வகுப்பில் யாம் விளக்குவதுண்டு. ஆனால் ஊர்ப்பெயரின் முற்பகுதியைக் கேட்டவுடன் நகைக்கும் வெளியூர் நண்பர் பலர். ஒரு பெயரைக் கேட்ட அளவிலே ஊரையும் ஊராரையும் அளந்துவிடலாம் என்று மக்கள் எண்ணுவதை எமக்கு முதலில் கற்பித்தது அந்த நகைப்பேயாகும்.

ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் பக்கமாக ஏறும் சாலை வெள்ளிமலைக்குச் செல்லும். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தார்க்கும் அவர்க்கும் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழே. எம் அத்தா கடைத்தெருவில் சிறு கடை வைத்திருந்தார். கடுக்காய், புளி, தேன், சாமை எனப் பருவத்திற்கேற்ப மலைச்சரக்கு அக்கடைக்கு இறங்கி வரும். உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் மலைக்கு ஏறிச் செல்லும். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. 'பாய் கடை' என்றால் போதும். மலைமக்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எடை பார்க்கவும் நில்லாது, "அப்புறமா வரேன் பாய்" என்று சந்தைக்குப் போய்விடுவர். 'பாய்' என்னும் அச்சொல்லில் அன்றி வேறெதிலும் எம் இளமையில் யாம் அத்துணை நம்பிக்கையைக் கண்டதில்லை.

நிற்க. 2009ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறு வாரம் குடும்பத்தோடு 'உன்னைப்போல் ஒருவன்' திரைப்படத்திற்குச் சென்றோம். கமல்ஹாசன் நடித்து, சக்ரி டொலேட்டி இயக்கி, அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் வெளிவந்த படம் அது. அத்தா திரையரங்கிற்குச் செல்பவர் அல்லர். "பாட்டு இல்லை, கூத்து இல்லை, இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்" என்று யாமே வற்புறுத்தி அழைத்துச் சென்றோம்.

'எ வெட்னஸ்டே' என 2008இல் இந்தியில் வெளிவந்து வெற்றி பெற்ற சிறு முதலீட்டுப் படத்தின் தழுவல் அது. பெயர் அறியப்படாத ஒருவன் ஒரு கட்டடத்தின் உச்சியில் அமர்ந்து காவல் ஆணையருக்குத் தொலைபேசியில் பேசுகின்றான். நகரின் பல இடங்களில் வெடிகுண்டு வைத்திருப்பதாகவும், சிறையிலுள்ள நால்வரை ஒப்படைக்க வேண்டும் எனவும் கேட்கின்றான். விடுவிக்கத்தான் கேட்கின்றான் என எல்லாரும் எண்ணியிருக்க, கொல்வதற்கே கேட்டான் என்பது பின்னர்த் தெரிகின்றது. குண்டு வெடித்து மூவர் மடிகின்றனர். எஞ்சிய ஒருவனைக் காவல் அதிகாரியே சுட்டு வீழ்த்துகின்றார். "நான் ஒரு சாதாரண மனிதன்; பயங்கரவாதத்தால் அலுத்துப் போனவன்" என்பது அழைத்தவன் தரும் விளக்கத்தின் சாரம். அரங்கில் கைதட்டல் எழுந்தது. மறைக்காமல் சொல்லின், அத்தட்டலில் ஓரிரு கணம் எம் கைகளும் சேர்ந்திருந்தன.

வீடு திரும்பும்வரை அத்தா பேசவில்லை. திண்ணையில் அமர்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தபின் ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, படம் பூரா போலீசு வருது, டிவிக்காரங்க வர்றாங்க, பெரிய அதிகாரி அம்மா வர்றாங்க. ஒரு ஜட்ஜு வரலியே?"

எம்ஃபில் பட்டத்திற்காகத் திறனாய்வு நூல்கள் பலவற்றைப் பயின்றிருந்த எமக்குத் தோன்றாத ஒன்று, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அத்தாவுக்குத் தோன்றியது. அன்றிரவு அப்படத்தை மனத்துள் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம்.

படத்தின் தலைப்பே ஓர் இலக்கண வினாவை எழுப்புகின்றது. 'உன்னைப்போல்' என்பதில் உள்ளது முன்னிலை ஒருமை. கதைத்தலைவனுக்குப் பெயர் சூட்டாமைக்குக் காரணமும் அதுவே. பெயர் இல்லையேல் மதம் இல்லை, சாதி இல்லை. காண்பார் ஒவ்வொருவரும் அவனிடத்தில் தம்மை வைத்துக்கொள்ளலாம். நல்ல உத்திதான். ஆயின், கொல்பவனுக்குப் பெயரின்மை என்னும் காப்பை அளித்த படம், கொல்லப்படுவோருக்குப் பெயரை மட்டுமே அளித்தது. அவர்கள் எங்ஙனம் பிடிபட்டனர், எந்தச் சான்று அவர்களைக் காட்டிக்கொடுத்தது, எந்த நீதிமன்றம் கேட்டது என்பவை குறித்துப் படம் நின்று ஆராயவில்லை. அவர்கள் தம் வாயாலேயே தம் கொடுமையைப் பெருமையாகப் பேசிவிடுகின்றனர். ஆகவே காண்போர்க்கு ஐயம் எழ வழியில்லை. மெய்யுலகில் குற்றம் சாட்டப்பட்டோர் எல்லாரும் அவ்வாறு பேசி நம் ஐயத்தைத் தீர்த்து வைப்பதில்லை.

அந்த 'உன்' என்னும் சொல்லில் எம் அத்தா அடங்குவாரா? பேருந்தில் குண்டு வெடித்தால் அவரும்தான் மடிவார். ஆயினும் பெயரில்லாத நாற்காலியில் அமர்வதற்கு அவரால் இயலாது. கடைத்தெரு முழுதும் அவரை அழைக்கும் சொல்லே அவர் பெயரும் மதமும் ஆயிற்றே!

படத்திற்கு நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். நால்வருள் ஒருவனை இந்துப் பெயருடையவனாக மாற்றியது தமிழ்ப்படம். நேர்மையும் துணிவும் உள்ள காவல் அதிகாரி ஆரிஃப் என்னும் இசுலாமியர். இவை கருதிச் செய்த நற்செயல்களே. ஆனால் நாம் கேட்டது எண்ணிக்கையில் சமன் அன்று. நல்லவர் இத்தனை, தீயவர் இத்தனை என மதவாரியாகப் பங்கிட்டுத் தருவதால் எவர்க்கும் நீதி கிடைத்துவிடாது. நல்ல முசுலிம் அதிகாரி தம் நன்மையை எவ்வாறு மெய்ப்பிக்கின்றார்? விசாரணையின்றி ஒருவனைச் சுட்டு! அவருக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு அது ஒன்றே என்பதுதான் எம்மை உறுத்தியது.

முதலீடு குறைந்த படம் ஆதலின் விரிவுக்கு இடமில்லை என்பர் சிலர். இதனைச் சற்று ஆராய வேண்டும். விறுவிறுப்புப் படத்திற்கு நேரம் குறைவு. ஒரு மனிதனை உருவாக்கிக் காட்டக் காட்சிகள் வேண்டும். காட்சிக்குப் பணம் வேண்டும். ஒரு தொப்பிக்கும் தாடிக்கும் அப்பணம் வேண்டா. முன்னரே மக்கள் மனத்தில் இருக்கும் அச்சத்தைக் கடன் வாங்கினால் போதும். பயங்கரவாதம் பற்றி வெளிவரும் மலிவான படங்கள் பலவும் இக்கடனிலேதான் நடக்கின்றன. கடன் வாங்குவோர் தயாரிப்பாளர். வட்டி கட்டுவோர் வேறொருவர்.

அவ்வட்டியை யாமும் கட்டியிருக்கின்றோம். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அக்கொடுமையை நினைத்து எம் வீட்டிலும் அழுதனர். அதற்குச் சில ஆண்டுகளின் பின் மேற்படிப்பிற்காக ஒரு நகரில் அறை தேடினோம். வாடகை பேசி, முன்பணமும் எண்ணிக் கொடுத்த பின்னர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னோம். "தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கொடியவர் அல்லர். குடிக்க மோர்கூடக் கொடுத்தார். அவர்க்கு எம்மைத் தெரியாது. எம் பெயரைத் திரையில் பலமுறை பார்த்திருந்தார், அவ்வளவே.

குறைந்த முதலே குறைந்த படைப்புக்குக் காரணம் என்பதும் பொருந்தாது. சந்தோஷ் சிவன் இயக்கிய 'தி டெரரிஸ்ட்' என்னும் தமிழ்ப்படம் 1998ஆம் ஆண்டினது. மிகச் சிறிய முதலீட்டில், மூன்று வாரத்திற்கும் குறைந்த நாள்களில் படமாக்கப்பட்டது. தற்கொலைத் தாக்குதலுக்கு ஆயத்தமாகும் மல்லி என்னும் இளம்பெண்ணின் கதை அது. அவளது செயலைப் படம் போற்றவில்லை. ஆயின் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவளது அச்சத்தையும் தயக்கத்தையும் நாம் காண்கின்றோம். தமிழின் சிறந்த படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. மனித முகத்தை உற்றுநோக்கப் பெருஞ்செலவு ஆவதில்லை, பொறுமைதான் வேண்டும்.

இனி, அத்தா கேட்ட நீதிபதிக்கு வருவோம். 'சட்டம் காலந்தாழ்த்தும், ஆதலின் சாதாரண மனிதன் தானே தீர்ப்பு எழுதினான்' என்பது இவ்வகைப் படங்களின் வாதம். தமிழ்ப்படம் வெளிவந்த வேளையில் மும்பையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2008 நவம்பர் 26ஆம் நாள் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய கோலத்தில் புகைப்படத்திலேயே பதிவாகிய அஜ்மல் கசாபுக்கும் நம் நாடு வழக்கறிஞரை அளித்தது, மேல்முறையீட்டைக் கேட்டது, உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபின் 2012 நவம்பர் 21ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான். அதே வழக்கில் உடன் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் இருவர் சான்றின்மையால் விடுதலை பெற்றனர். திரைக்கதையின் வழியில் சென்றிருந்தால் மூவரும் ஒரே வெடியில் மடிந்திருப்பர். அரங்கில் கைதட்டல் மூவர்க்கும் பொதுவாக இருந்திருக்கும். மற்றொன்றும் உண்டு. 2002இல் குசராத்தின் அக்சர்தாம் கோயிலில் நிகழ்ந்த தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட அறுவரையும் 2014 மே 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது. அவருள் மூவர் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர்கள்! தாழ்ந்த நீதியின் கொடுமையை யாம் மறுக்கவில்லை. பறித்த ஆண்டுகளை எந்நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது. எனினும் தாழ்ந்த நீதி ஓர் உயிரையேனும் மீட்கும். அவசரத் தீர்ப்பு மீட்பது எதனையும் இல்லை.

இதனைத் தமிழருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தும்போதெல்லாம் எமக்கு இப்படம் நினைவுக்கு வரும். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதன்று எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் துணைகள் எட்டு எனத் தொடங்கி விரிவுரையே நிகழ்த்துகின்றான். கோவலனைப் பற்றி அவ்விரிவுரையில் ஒன்றும் இல்லை. கள்வர் எனும் கூட்டத்தைப் பற்றியே எல்லாம் உள்ளது. கூட்டத்தைப் பற்றிய அறிவு, எதிரே நின்ற ஒரு மனிதனைக் காணவொட்டாமல் கண்ணை மறைத்தது. வாள் வீழ்ந்தது. நீதிபதி வராத கதை அங்கும் நடந்தது. ஆனால் இளங்கோவடிகள் அங்கே கைதட்டலுக்கு இடம் வைக்கவில்லை. கண்ணகியைக் கொண்டுவந்து அவையின் நடுவே நிறுத்தி, தானே கள்வன் எனப் பாண்டியனை உணரச் செய்து, உயிர் துறக்கவும் வைத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நடத்தி முடித்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர். வகுப்பில் வாய் திறவாதவர். "ஐயா, படத்துல உங்க ஆளுங்கள ஒரு மாதிரி காட்டுறாங்கன்னு சொன்னீங்க. எங்க ஆளுங்கள நியூஸ்லயே அப்படித்தான் காட்டுறாங்க. மலைன்னு சொன்னாலே சாராயம், செம்மரம். எங்கப்பா ஆந்திரா பக்கம் பஸ் ஏறவே பயப்படுவாரு" என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டினர் எனத் தமிழகத் தொழிலாளர் 20 பேர் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். அவர்தம் உயிர்க்கும் நீதிபதி வரவில்லை. யாம் அச்செய்தியை அன்று படித்தோம், வருந்தினோம், பக்கத்தைப் புரட்டினோம். எம் பெயர் திரையில் வந்தபோது துடித்த நெஞ்சு, எம் கடைக்கு மூட்டை இறக்கிய மக்களின் பெயர் செய்தியில் வந்தபோது அத்துணை துடித்ததா? இல்லை என்பதை அம்மாணவர் முன் நின்று உணர்ந்தோம். அன்றுமுதல் எம் குறையை மட்டும் பேசுவதை விட்டோம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்திற்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானபோது எம் ஊர்ப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஒளிப்படக் கருவிகள் வந்தன. கல்வராயன் மலை முழுதும் ஒரே சாராய ஊறல் போலப் பேசப்பட்டது. அதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து அம்மலைமக்களின் வாழ்நிலை குறித்து விசாரிக்கத் தொடங்கியது. சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவம் உண்டா என்னும் கேள்விகள் எழுந்தன. செய்தியைப் படித்ததும் அத்தாவை நினைத்துக்கொண்டோம். நீதிபதி வந்துவிட்டார், அத்தா! கேட்டு மகிழ அவர்தாம் இல்லை.

'அத்தகைய படங்களைத் தடை செய்யலாமே' என எம்மை வினவுவோர் உண்டு. 2013இல் 'விசுவரூபம்' தமிழகத்தில் தடுக்கப்பட்டு, சில பகுதிகள் நீக்கப்பட்டபின் பிப்ரவரி 7ஆம் நாள் வெளிவந்த காலத்தில் இரு பக்கத்தாரும் எம்மிடம் வழக்காடினர். எமக்குத் தடையில் நம்பிக்கையில்லை. ராஜீவ் காந்தி கொலையை ஒட்டி ஆர்.கே. செல்வமணி எடுத்த 'குற்றப்பத்திரிகை' தணிக்கைச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ என ஊர் வியந்தது. 2007இல் வெளிவந்தபோது பார்த்த எமக்கு ஏமாற்றமே மிஞ்சியது. தடை அதற்குக் கொடுத்த மதிப்பைப் படம் தன்னளவில் பெற இயலவில்லை. நலிந்த கதைக்கு மாற்று, பூட்டு அன்று. நல்ல கதையும் நேர்மையான திறனாய்வுமே ஆகும்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. எம் பள்ளிப் பருவத்தில் ஒருநாள் மாலை. மலைக்காரர் ஒருவர் கோயில் திருவிழாவிற்காக எம் கடையில் வெல்லம் இரண்டு மூட்டை வாங்கிச் சென்றார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டனர். மலைக்கு வெல்லம் போகிறது என்றால் சாராயத்திற்கே என்பது அவர்கள் முடிவு. செய்தி கிடைத்ததும் அத்தா கடையைச் சாத்தினார். மிதிவண்டியில் எம்மை ஏற்றிக்கொண்டு சென்றார். "இவர எனக்கு இருபது வருசமாத் தெரியும். வெல்லம் வேற எதுக்காச்சும் போச்சுன்னா என்னைப் புடிங்க" என்றார். நெடுநேரம் நின்றபின் விட்டனர். அம்மலைக்காரர் நன்றி ஏதும் சொல்லவில்லை. மறு வாரம் ஒரு குடுவை தேனைக் கடைப்பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னர்ச் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தைப் படித்தபோது அம்மாலை கண்முன் வந்தது. வேடன் மானை நம்பவில்லை. நம்பாதது அவன் குற்றமும் அன்று. குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன மானுக்காக நபிகள் நாயகம் பிணையாக நின்றார்கள். மான் வாக்குத் தவறாமல் மீண்டு வந்தது. வேடன் உள்ளமும் மாறிற்று. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் அக்கதையைத் தமிழாக்கித் தந்தார். பாண்டியன் கதை ஆராயாமையின் கேட்டைச் சொல்கிறது. மானின் கதை அதற்கு மருந்து சொல்கிறது. ஒருவர்க்காக இன்னொருவர் பிணை நிற்பதே அம்மருந்து.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் கதை எழுதுவீர். சிலர் திரைத்துறைக்கும் செல்வீர். சிறு முதலில் படம் எடுப்பதில் இழிவில்லை. ஆனால் ஒரு மனிதனைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும்போது, அவன் பெயரைச் சான்றாக்கிவிடாதீர்கள். அவனை ஒரு நாழிகையேனும் பேசவிடுங்கள். படம் பார்ப்போராகவே இருப்பினும், கைதட்டும் முன் ஒருகணம் நின்று எம் அத்தா கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அக்கேள்வி கேட்கப்படும் அரங்கில், 'உன்னை' என்னும் சொல்லுக்குள் மலையிலிருந்து இறங்கி வரும் மாணவரும், கடைத்தெருப் பாயும், கருணாபுரத்துத் தாய்மாரும் தாமே வந்து அமர்ந்துகொள்வர்.